பொன்னும் மையும்

பாராட்டு விழா மேடைகளிலும் நூல் வெளியீட்டு அரங்குகளிலும் தவறாது ஒலிக்கும் தொடர் ஒன்று உண்டு. 'பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்க வரிகள்' என்பதே அது. சொல்வோரும் கேட்போரும் அதனை உயர்வு நவிற்சியாகவே கொள்கின்றனர். ஆயின், பொன்னைப் பொடித்து மையாக்கி, அம்மையைத் தொட்டு நூல்களை உண்மையாகவே எழுதிய காலம் ஒன்று இருந்தது. அத்தொழிலுக்குத் தனிப்பெயர் இருந்தது. அதனைச் செய்வோருக்கும் தனிப்பெயர் இருந்தது. அவ்வாறு எழுதுவது தகுமா என்னும் வழக்கும் உடன் இருந்தது. சொல்லுக்குப் பொன் அணிவிப்பது சொல்லை மதிப்பதா, மறைப்பதா என்பதே அவ்வழக்கின் உட்பொருள். எழுத்தையே வாழ்வாகக் கொண்டோர் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

சொல்லின் பிறப்பு

கிரைசோகிராஃபி என்பது அத்தொழிலின் பெயர். கிரேக்க மொழியில் 'கிருசோஸ்' என்பது பொன். 'கிராபெயின்' என்பது எழுதுதல். பொன்னால் எழுதுவோன் 'கிருசோகிராபோஸ்' எனப்பட்டான். ஆங்கில அகராதிகளில் அரிய சொற்களின் வரிசையில் இடம்பெறும் இச்சொல்லைச் சுவடியியல் அறிஞரன்றிப் பிறர் ஆளுதல் அரிது. எனினும் இதன் முற்பகுதி பலரும் அறிந்ததே. கிரிசாந்திமம் என்னும் மலர்ப்பெயருக்குப் 'பொன்மலர்' என்பதே பொருள்.

'கிருசோஸ்' கிரேக்கருக்கும் இரவலாக வந்த சொல்லே. அக்காதியம், எபிரேயம் முதலான செமித்திய மொழிகளில் பொன்னைக் குறிக்கும் சொல்லோடு அது உறவுடையது. கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டில் மைசீனியர் களிமண் பலகைகளில் பதிந்த கணக்குகளிலேயே அது காணப்படுகிறது. பொன்னைப் போலவே பொன்னின் பெயரும் வணிகர் வழியே கரையேறியது எனலாம்.

'கிராபெயின்' என்னும் வினைக்கு முதற்பொருள் கீறுதல். பின்னர் அது எழுதுதல், ஓவியம் வரைதல் ஆகிய இரண்டையும் குறித்தது. தமிழில் 'எழுது' என்னும் வினையும் இவ்விரு பொருளையும் தாங்குவது நினைக்கத்தக்கது. ஓவியமும் எழுதப்படும், கண்ணுக்கு மையும் எழுதப்படும்.

கிரைசோகிராஃபி என்பதைத் தமிழில் 'பொன்மை எழுத்து' எனலாம். பொன்மை என்பது இலக்கண உரைகளில் ஐவகை வண்ணங்களுள் ஒன்றாக வெண்மை, கருமை, செம்மை, பசுமை ஆகியவற்றோடு எண்ணப்படுவது. அதனையே பொன்+மை எனப் பிரித்தால் பொன்னாலாகிய மை என்றும் பொருள்படும். ஆனால் மை என்னும் சொல்லுக்கே கருமை என்னும் பொருள் உண்டு. ஆகவே பொன்மை என்னும் தொடர் தன்னுள் ஒரு முரணைக் கொண்டிருக்கிறது. பொன்னெழுத்தின் வரலாறு முழுவதும் இம்முரணின் வரலாறே.

பொன் மையாகும் முறை

பொன் எளிதில் பொடியாகாத உலோகம். அடிக்க அடிக்க விரியுமேயன்றித் தூளாகாது. அரைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆதலின் பொன்தாளைத் தேனிலோ உப்பிலோ இட்டு அரைத்தனர். தேனும் உப்பும் துகள்களைப் பிரித்து வைத்தன. பின்னர் நீர்விட்டுப் பலமுறை கழுவ, தேனோ உப்போ நீரோடு போக, பொன் அடியில் தங்கியது. பாதரசத்தோடு பொன்னைச் சேர்த்துப் பின் பாதரசத்தை வெப்பத்தால் நீக்கும் முறையும் இருந்தது. இவ்வாறு கிடைத்த துகளை வேலம் பிசினிலோ முட்டை வெண்கருவிலோ குழைத்துத் தூரிகையாலோ இறகுக் கோலாலோ எழுதினர். எழுதியவுடன் அது மங்கலாகவே தோன்றும். உலர்ந்தபின் வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றிய பிறகே பொன்னொளி எழும்.

எகிப்தின் தீப்ஸ் நகரில் கிடைத்து, 1828இல் நெதர்லாந்து அரசால் வாங்கப்பட்டு, லெய்டன் நகரில் பேணப்படும் பாப்பிரஸ் சுவடி ஒன்று இத்தொழிலின் மறைபொருள்களைச் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அச்சுவடியில் பொன்னாலும் வெள்ளியாலும் எழுத்து எழுதும் முறைகள் பல உள்ளன. வியப்பு யாதெனின், பொன்னே இல்லாமல் பொன்னெழுத்து எழுதும் முறைகளும் அதிலேயே உள்ளன. மஞ்சள் அரிதாரம், குங்குமப்பூ முதலியன அவற்றுக்கு உறுப்புகள். மெய்ப்பொன்னும் போலிப்பொன்னும் ஒரே சுவடியில் அடுத்தடுத்த குறிப்புகளாக நிற்கின்றன.

பொன்னெழுத்துக்கு ஏற்ற தளமாக ஊதாச் சாயம் தோய்த்த தோலைக் கொண்டனர். ஊதா, பேரரசரின் நிறம். கடற்சங்கினத்திலிருந்து அரிதிற் பெறப்படுவது. இத்தாலியில் உள்ள 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரொசானோ நற்செய்திச் சுவடியை 2010களில் ஆராய்ந்தபோது, அதன் ஊதா நிறம் சங்கிலிருந்து அன்று, கற்பாசி இனத்திலிருந்து பெற்ற சாயம் எனப் புலப்பட்டது. அரச நிறமும் சில வேளைகளில் தோற்றமே என்பது இதனால் விளங்கும்.

அலெக்சாந்திரியாவைப் பற்றிய இரு செய்திகள்

பொன்னெழுத்தைப் பற்றிய பழஞ்செய்திகளுள் ஒன்று 'அரிஸ்தியாசின் மடல்' என்னும் கிரேக்க நூலில் வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இந்நூல், எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியின் விருப்பத்தால் யூதரின் திருச்சட்டம் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட கதையைக் கூறுகிறது. எருசலேமிலிருந்து மொழிபெயர்ப்பாளர் 72 பேர் அலெக்சாந்திரியாவுக்கு வந்தனர். அவர்கள் கொணர்ந்த தோற்சுருள்களில் யூத எழுத்துக்கள் பொன்னால் எழுதப்பட்டிருந்தன. தோல்களின் இணைப்புக் கண்ணுக்குத் தெரியாவண்ணம் நுட்பமாக அமைந்திருந்தது. சுருள்களைக் கண்ட மன்னன் நெடுநேரம் வாய்பேசாது நின்று, ஏழு முறை வணங்கினான் என்பது அம்மடல் தரும் செய்தி.

இதற்கு மறுதலையான செய்தி யூத மரபிலேயே உண்டு. திருச்சட்டத்தை எழுதும் நெறிகளைத் தொகுத்துரைக்கும் 'சோபெரிம்' என்னும் நூல், கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது. அலெக்சாந்திரியாவைச் சார்ந்த சுருள் ஒன்றில் இறைவனின் பெயர் வருமிடமெல்லாம் பொன்னால் எழுதப்பட்டிருந்ததாம். அச்செய்தி அறிஞர் அவைக்கு வந்தபோது, அச்சுருளைப் படிக்கும் வழக்கிலிருந்து நீக்கி மறைத்து வைக்குமாறு அவர்கள் தீர்ப்பளித்தனர். திருச்சட்டம் கருமையால் எழுதப்பட வேண்டும் என்பதே அவர்கள்தம் நெறி. இன்றளவும் தொழுகைக்குரிய யூதச் சுருள்கள் கருமையாலேயே எழுதப்படுகின்றன.

அரசன் வணங்கினான், அறிஞர் மறைத்து வைத்தனர். அரசன் கண்டது பொருளின் அருமையை. அறிஞர் கருதியதோ படிப்பவனின் நிலையை எனக் கொள்ளலாம். ஒரு சொல் மட்டும் பொன்னாய் ஒளிர்ந்தால் கண் அதன்மேலேயே தாவித் தாவிச் செல்லும். இடையில் உள்ள கட்டளைகள் பின்தங்கும். எல்லாச் சொல்லும் ஒரே கருமையில் நின்றால்தான் படிப்பவன் எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்பான்.

பொன்வாயரும் பொன்னெழுத்தும்

கிறித்தவம் உரோமப் பேரரசில் உயர்நிலை எய்திய 4ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. செல்வக் குடும்பங்கள் ஊதாத் தோலில் பொன்னால் எழுதிய திருநூல்களைத் தம் இல்லங்களில் வைத்துப் பெருமை கொண்டன. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், 384இல் யூஸ்தோக்கியம் என்னும் உரோமப் பெண்ணுக்கு எழுதிய மடலில் இதனைக் கடிந்தார். தோல் ஊதாவில் தோய்கிறது, பொன் எழுத்தாக உருகுகிறது, நூலுக்கு மணிகள் அணியாகின்றன. இறைவனோ ஆடையற்ற ஏழையாய் வாயிலில் கிடக்கிறான் என்பது அவர் தம் கூற்றின் சாரம்.

ஜெரோமின் சினம் ஏழைக்காக மட்டும் எழுந்ததன்று, பாடத்திற்காகவும் எழுந்தது. யோபு நூலின் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், அத்தகைய நூல்களை நூல்கள் என்பதைவிடச் சுமைகள் என்பதே பொருந்தும் என்ற கருத்தைக் கூறி, தமக்கு வேண்டுவது அழகிய சுவடியன்று, திருத்தமான சுவடியே என்றார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேத்தா என்னும் பெண்மணிக்கு மகளை வளர்க்கும் முறை பற்றி எழுதியபோதும், அச்சிறுமி நூல்களில் பொன்னணியை விரும்பாமல், பிழையற்ற பாடத்தையும் செம்மையான நிறுத்தக் குறிகளையும் விரும்பக் கற்க வேண்டும் என அறிவுறுத்தினார். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் உழைப்பை அறிந்தோர்க்கு இவ்வறிவுரையின் அருமை விளங்கும். எழுத்தன் பொன்னால் எழுதினாலும் பிழை பிழையே. பொன்னால் எழுதிய பிழையைத் திருத்தக் கை கூசும் என்பது கூடுதல் கேடு.

அதே காலத்தில் அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிவந்தவர் யோவான் கிறிசோஸ்தோம். நூலின் பொருளை அறிந்தேன் என்று பெருமைப்படுவோர் ஒருவருமில்லை. பொன்னெழுத்து நூல் என்னிடம் உண்டு என்று பெருமைப்படுவோரே உளர் என்னும் கருத்தை, யோவான் நற்செய்திக்கு ஆற்றிய உரைகளுள் ஒன்றில் அவர் கூறினார். 'கிறிசோஸ்தோம்' என்பது அவருடைய நாவன்மைக்காகப் பிற்காலத்தார் வழங்கிய சிறப்புப்பெயர். அதற்குப் 'பொன்வாயர்' என்பது பொருள். பொன்னெழுத்தைக் கடிந்தவருக்கும் பொன்னையே பெயராகச் சூட்டிற்று உலகம். ஆயினும் அப்பொன் ஏட்டில் பூசிய பொன் அன்று என்பது நோக்கத்தக்கது.

வேண்டியவரும் கொள்ளையரும்

இக்கண்டனங்களால் பொன்னெழுத்து நின்றுவிடவில்லை. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்நியாயத்தைத் தெளிவாகச் சொன்னவர் போனிபாஸ். இங்கிலாந்தில் பிறந்து செருமானிய மக்களிடையே சமயப் பணி ஆற்றிய இவர், ஏறத்தாழ 735இல் எட்பர்க என்னும் மடத்துத் தலைவிக்கு ஒரு மடல் விடுத்தார். பேதுருவின் திருமுகங்களைத் தமக்காகப் பொன்னால் எழுதித் தருமாறு வேண்டி, அதற்கான பொருள்களையும் அனுப்பினார். புறக்கண்ணால் மட்டுமே மதிப்பிடும் மக்கள் முன் தாம் பேச நேர்வதால், திருநூலின்பால் அவர்களுக்கு மதிப்பு உண்டாக அது துணைபுரியும் என்பது அவர் கூறிய காரணம். எழுத்தறியாதானுக்கு எழுத்தின் பெருமையை எவ்வாறு உணர்த்துவது? அவன் அறிந்த ஒன்றைக் கொண்டே உணர்த்த வேண்டும். அவன் அறிந்தது பொன்.

இப்பணியைப் பெண்ணொருத்தியிடம் அவர் ஒப்படைத்ததும் கருதத்தக்கது. அக்காலத்து ஆங்கில மடங்களில் பெண்கள் எழுத்துத் தொழிலில் தேர்ந்திருந்தனர் என்பதற்கு இம்மடல் சான்று.

754இல் பிரிசிய நாட்டில் போனிபாசும் அவர்தம் தோழர்களும் கொள்ளையரால் கொல்லப்பட்டனர். அவர் வாழ்க்கையை எழுதிய வில்லிபால்ட் கூறும் செய்தி நெஞ்சை உறுத்துவது. பொன் இருக்கும் என நம்பிப் பேழைகளை உடைத்த கொள்ளையர், உள்ளே நூல்களையே கண்டனர். ஏமாற்றமுற்று அவற்றை வயலிலும் சதுப்பிலும் வீசினர். நூலைப் பொன்னாகக் காட்ட விரும்பியவரின் நூல்கள், பொன் அல்ல என்பதற்காகவே சேற்றில் எறியப்பட்டன.

அந்நூற்றாண்டு முடியுமுன் பொன்னெழுத்து அரசவையில் மீண்டும் ஏறியது. சார்லமேனும் அரசி ஹில்தெகார்தும் விரும்பியவாறு, 781 முதல் 783 வரையான காலத்தில் கோதெஸ்கால்க் என்னும் எழுத்தர் ஊதாத் தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் நற்செய்தி வாசக நூல் ஒன்றை எழுதி முடித்தார். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள அந்நூலின் இறுதியில் அவரே இயற்றிய செய்யுள் உள்ளது. ஊதாவும் பொன்னும் எவற்றின் குறியீடுகள் என அச்செய்யுள் விளக்குகிறது. பொன் அதில் விண்ணுலக வாழ்வைச் சுட்டுவது. நற்செய்திப் பகுதியைப் பழைய பெருவடிவ எழுத்தில் எழுதியவர், தம் செய்யுளை அக்காலத்தில் புதிதாய் உருவாகிவந்த சிறுவடிவ எழுத்தில் எழுதினார். இன்று உலகெங்கும் அச்சிடப்படும் உரோமச் சிற்றெழுத்துக்களுக்கு மூலம் அவ்வடிவமே. அதனை வாழவைத்தது பொன்னன்று. விரைந்து எழுதவும் எளிதில் படிக்கவும் ஏற்ற அதன் தெளிவே.

கீழ்த்திசையில்

பொன்னெழுத்து மேலை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. நீலம் தோய்த்த தோலில் பொன் எழுத்துக்கள் ஒளிரும் குர்ஆன் ஒன்றன் ஏடுகள் துனீசியாவிலும் பிற நாடுகளிலும் பேணப்படுகின்றன; அது 9 அல்லது 10ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிறது. 1304 முதல் 1306 வரை கெய்ரோவில், பின்னாளில் சுல்தானாகிய பைபர்ஸ் என்பாருக்காக, இப்னுல் வஹீத் என்னும் எழுத்துக்கலைஞர் ஏழு தொகுதிகளாகக் குர்ஆன் முழுவதையும் பொன்னால் எழுதினார். அது இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.

ஜப்பானில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புஜிவாரா நோ கியோஹிரா என்னும் தலைவர், ஹிரைசுமியில் சூசொன்ஜி கோயிலுக்காக 5,000-க்கும் மேற்பட்ட பௌத்தச் சுருள்களை எழுதுவித்தார். நீலத்தாளில் ஒரு வரி பொன்னாலும் மறுவரி வெள்ளியாலும் மாறிமாறி எழுதப்பட்டவை அவை. அவர் ஆண்ட வடபுலம் பொன் விளைந்த நிலம். பெரும்போர்களைக் கண்ட நிலமும் ஆகும். நட்பு, பகை என்னும் வேறுபாடின்றிப் போரில் மாண்டோர் அனைவரின் அமைதிக்காகவும் அக்கோயில் நிறுவப்பட்டது. இங்கே பொன் செருக்கின் அடையாளமாக வரவில்லை. இழப்பை ஈடுசெய்ய இயலாத ஒருவரின் காணிக்கையாக வந்தது.

தமிழகத்தின் நிலை வேறு. இங்கு எழுதுதளம் பனையோலை; கருவி எழுத்தாணி. ஓலையில் முதலில் எழுத்துக் கீறப்படும். பின்னரே மை தடவப்படும். மையாடல் என்பது அதன் பெயர். கீறலில் புகுந்த கருமையே எழுத்தைக் காட்டும். இத்தகைய முறையில் பொன்மைக்கு இடமில்லை. ஆகவே தமிழில் பொன்னால் சிறப்புச் செய்ய வேண்டிய போது பொன்னே ஓலையாயிற்று. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், 1620இல் டேனியருக்குத் தரங்கம்பாடியில் வணிக உரிமை வழங்கியபோது, டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு விடுத்த தமிழ்த் திருமுகம் ஓலை வடிவிலான பொன்தகட்டில் அமைந்தது. அது டென்மார்க் நாட்டு ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகிறது. 'பொன்னெழுத்துக்களால் எழுத' என்னாது 'பொறிக்க' என மேடைத் தொடர் கூறுவது, கீறி எழுதிய மரபுக்கு இயைந்ததே.

மீட்கப்பட்ட நூல்

பொன் எழுத்தைக் காக்குமா, அழிக்குமா என்னும் வினாவுக்கு இரு சுவீடன் நூலகங்களில் உள்ள இரு சுவடிகள் விடை பகர்கின்றன.

முதலாவது, உப்சாலாவில் 1669 முதல் உள்ள 'வெள்ளிச் சுவடி'. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா என்பார் கோத்திய மொழிக்கு எழுத்தமைத்து விவிலியத்தைப் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் நற்செய்திகளை 6ஆம் நூற்றாண்டில் ஊதாத் தோலில் வெள்ளியாலும், சிறப்பிடங்களில் பொன்னாலும் எழுதினர். 336 ஏடுகளுள் 188 எஞ்சியுள்ளன. கோத்திய மொழி பேசுவோர் இன்று எவருமில்லை. அம்மொழியைப் பற்றி அறியத் துணைபுரியும் முதன்மையான சான்று இச்சுவடியே. வெள்ளியும் பொன்னும் இல்லாத எளிய ஏடாக இருந்திருப்பின் இத்தனை கைகள் மாறியும் அது பேணப்பட்டிருக்குமா என்பது ஐயமே. பொன்னுக்குரிய நன்றியை மறுத்தல் கூடாது.

இரண்டாவது, ஸ்டாக்ஹோமில் உள்ள 'பொற்சுவடி'. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் எழுதப்பட்ட இலத்தீன் நற்செய்தி நூல் இது. ஊதா ஏடும் வெள்ளேடும் மாறிமாறி வர, ஊதா ஏடுகளில் பொன்னும் வெள்ளியும் ஒளிர்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங் படையினர் இதனைக் கவர்ந்து சென்றனர். ஆல்பிரட் என்னும் பெருங்குடித் தலைவரும் அவர் மனைவி வெர்பர்கும் தம் தூய பொன்னைக் கொடுத்து இதனை மீட்டுக் காண்டர்பரி திருச்சபைக்கு வழங்கினர். பொன்னுக்காகப் போன நூல் பொன்னாலேயே திரும்பியது.

அவர்கள் அச்செய்தியை நூலின் ஏடொன்றில், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலுமாகப் பழைய ஆங்கிலத்தில் எழுதுவித்தனர். திருநூல் அயலார் கையில் இருக்கத் தாம் பொறாமையால் மீட்டதையும், தம் இருவர்க்காகவும் மகள் ஆல்த்ரித்துக்காகவும் மன்றாடும் பொருட்டு நூலை வழங்கியதையும் அக்குறிப்பு உரைக்கிறது. நடுவில் பொன்னணி செய்த எழுத்துக்கள்; விளிம்பில் எளிய மை.

பொன்னால் எழுதப்பட்ட இலத்தீன் வாசகம் வேறு சுவடிகள் பலவற்றிலும் உள்ளது. ஒரு கணவனும் மனைவியும் ஒரு நூலுக்காகத் தம் பொன்னைக் கொடுத்த செய்தி, அவ்விளிம்பில் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. சுவடியைக் காணச் செல்வோர் பொன்னைக் கண்டு வியக்கின்றனர். ஆய்வாளரோ அவ்விளிம்பு வரிகளையே மீண்டும் மீண்டும் படிக்கின்றனர்.

நிறைவாக

பொன் ஒரு நூலுக்குக் காவலரையும் தந்திருக்கிறது, கள்வரையும் தந்திருக்கிறது. வணங்கும் அரசனையும் படியாத உடைமையாளனையும் தந்திருக்கிறது. பிழையற்ற பாடத்தையும், படித்துப் பொருள்கொள்ளும் ஒருவனையும் பொன்னால் தர இயன்றதில்லை. அவ்விரண்டையும் ஜெரோம் கேட்டார். அலெக்சாந்திரியச் சுருளை மறைத்து வைத்த அறிஞரும் அவற்றையே எண்ணினர் எனலாம்.

இனி ஒரு கவிதையைப் 'பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்கது' எனப் போற்ற முற்படுவோர், அதனை ஒருமுறை கருமையிலேயே பிழையறப் படித்துப் பார்த்தல் நன்று. கருமையில் நிற்கும் வரிக்குப் பொன் மிகையாகாது. ஆல்பிரடும் வெர்பர்கும் ஏட்டின் விளிம்பில் எழுதுவித்த வரிகள் பொன்னின்றியே ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்துள்ளன.